மட்டையைத் தட்டாதே

கிவிலம்பி
14 நவம்பர் 1993

இர்யா,

ஃபோனில் பேசினால் நான் கத்துவேன், நீ வாயை மூடிக்கொண்டு நிற்பாய், கட்டணம் மட்டும் ஓடும். அதனால்தான் எழுதுகிறேன். நீ ஊரை விட்டுப் போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல வார்த்தைகளை எதிர்பார்க்காதே.

வியாழக்கிழமை கிளப் செயலாளர் ரெய்யோ மர ஆலை வாசலுக்கே வந்துவிட்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அப்போதே நல்ல செய்தி இல்லை என்று தெரிந்தது.

"ஹில்கா, அடுத்த வருஷம் ஐஸ் ஹாக்கி லீக்ல நம்ம வட்டாரத்துக்கு ஒரே ஒரு பெண்கள் அணிதான். பிப்ரவரி பன்னெண்டாம் தேதி நம்ம கூடத்துல பக்கத்து ஊர் ஹர்யுலாவோட ஆட்டம். ஜெயிச்சா நீங்க. தோத்தா அணியைக் கலைச்சிட வேண்டியதுதான். உங்க ஞாயித்துக்கிழமை நேரத்தை நாப்பது வயசு ஆம்பளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"பீர் குடிக்க அவனுங்களுக்கு பெஞ்சு போதாதா? பனித்தளம் வேற வேணுமா?"

சிரித்தான். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். நாம் மெதுவாக ஓடுகிறோம். நின்றுகொண்டு வட்டைத் தள்ளுகிறோம். ஹர்யுலாக்காரிகள் ஓடிக்கொண்டே வாங்கி, ஓடிக்கொண்டே தருகிறார்கள். நீ அங்கே பல்கலைக்கழகத்தில் ஆட்களின் மார்பில் ஒயரைக் கட்டி ஓடவிடுகிறாய் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கும். வேகமாகச் சறுக்கவும், சட்டென்று வட்டு தரவும் என்ன பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எழுது. பாடப்புத்தகத்தைக் காப்பியடிக்காதே. இங்கே படிப்பவர்கள் மரம் அறுப்பவர்கள்.

கம்பளிக் காலுறை போதுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

மார்ச்சில் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஹில்கா


யுவாஸ்கிலா
20 நவம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆய்வக வாசலிலேயே நின்று படித்தேன். கையுறையைக் கழற்றியது நினைவில்லாமல் விரல்கள் விறைத்துப்போயின. பதில் எழுத உட்கார்ந்து பல தாள்கள் வீணாகின. நீ கேட்டதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

வேகம் களைப்பில் வளராது. எல்லோரும் சோர்ந்த பிறகு, பயிற்சியின் முடிவில் ஓடவிடுவது நம் வழக்கம். அதை முதலில் வை. உடல் சூடானதும் கோல் கோட்டிலிருந்து நீலக் கோடு வரை ஒரே ஓட்டம், முழு பலத்தோடு. சில வினாடிகளில் முடிந்துவிடும். பிறகு மெதுவாக உருண்டு திரும்பி வரட்டும். மூச்சு அடங்கிய பிறகே அடுத்தது. ஆரம்பிக்கும் நிலையை மட்டும் மாற்றிக்கொண்டே இரு. முட்டிபோட்டு, முதுகைக் காட்டி நின்று, வயிற்றில் படுத்து. எழுந்து எடுத்து வைக்கும் முதல் சில எட்டுகளில்தான் ஹர்யுலாக்காரிகள் நம்மை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்று, இங்கே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நம் கூடத்தில் பொதுமக்கள் நேரத்தில் எல்லோரும் இடப்பக்கமாகவே சுற்ற வேண்டும் என்று சுவரில் பெரிய அம்புக்குறி இருக்கும். நடக்கப் பழகிய நாளிலிருந்து நாம் அதைப் பார்த்தே சுற்றியிருக்கிறோம். அதனால் கிவிலம்பியில் பிறந்த யாருக்கும் இடப்பக்கம் வளையும்போது உள்காலைத் தாண்டி வெளிக்காலை வைத்து, கால் மேல் கால் போட்டு ஓட வரும். வலப்பக்கம் வளைந்தால் கால் தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஹர்யுலாக்காரிகள் நம்மை எப்போதும் வலப்பக்கமே தள்ளுவதை நீ கவனித்திருக்கிறாயா? தளத்தில் வரைந்திருக்கும் வட்டக் கோடுகளில் வலப்பக்கமாகச் சுற்றவிடு. விழுவார்கள். விழட்டும்.

வட்டு தரும்போது யாரும் நிற்கக் கூடாது. இரண்டு பேர் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே, வட்டை நிறுத்தாமல், ஒரே தொடுதலில் தர வேண்டும். ஆள் இருக்கும் இடத்துக்கு அல்ல, வரப்போகும் இடத்துக்கு. வாங்குகிறவள் மட்டையைத் தளத்தில் பதித்துக் காட்டியபடி வரட்டும். தருகிறவள் தருவதற்கு முன் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மட்டையால் தளத்தைத் தட்டி வட்டைக் கேட்கும் பழக்கத்தை விடச் சொல். வட்டை வைத்திருப்பவளின் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும். தட்டும் சத்தத்துக்கு முகம் கிடையாது.

காலுறை போதும் என்று அம்மாவிடம் சொல்.

இர்யா


கிவிலம்பி
5 டிசம்பர் 1993

இர்யா,

உன் பயிற்சி எங்களைக் கொன்றுவிட்டது.

கூடத்தில் நமக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான். ஒவ்வொருத்திக்கும் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தால் ரெய்யோ வந்து விளக்கை அணைத்துவிடுவான். அதனால் ஓய்வை வெட்டிவிட்டேன். ஓடு, திரும்பு, ஓடு. கொஞ்ச நேரத்தில் ரௌனி ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வாளியில் வாந்தி எடுத்தாள். ஆலையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள், பாவம். வாளியைக் கழுவியது நான்.

கோலில் நின்றபடியே மார்கெத்தா கத்தினாள்: "ஹில்கா, உன் தங்கச்சிக்கு நாங்க என்னடி பாவம் பண்ணோம்?"

"நீ கோல்கீப்பர். ரெண்டடி நகர்றதுக்கே இவ்ளோ அழுகையா?"

"அந்த ரெண்டடியையும் எனக்குப் பதிலா அவளையே வந்து நகரச் சொல்லு!"

வலப்பக்கம் சுற்றியதைப் பற்றி எழுதவே வேண்டாம். ஆண்கள் அணி அடுத்த நேரத்துக்காகக் காத்து நின்று முழுவதையும் வேடிக்கை பார்த்தது. புதிதாகப் பிறந்த கன்றுகள் என்றான் ஒருவன்.

உன் கடிதத்தை உடைமாற்றும் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மட்டை தட்டும் வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். ஆனால் அதற்குள் பாதி வரி வாயில் வந்துவிட்டது. எல்லோரும் காலணியைக் குனிந்து பார்த்தார்கள்.

எதற்கு அதை எழுதினாய்? பயிற்சி கேட்டால் பயிற்சி மட்டும் எழுது. எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. சத்தம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. இடப்பக்கம் ஆடியவள் நீ.

ஹில்கா


யுவாஸ்கிலா
9 டிசம்பர் 1993

அக்கா,

முதலில் பயிற்சி. ஓய்வை வெட்டினால் அது வேகத்துக்கான பயிற்சி இல்லை, தண்டனை. ஆட்களை மூன்று கூட்டமாகப் பிரி. ஒரு கூட்டம் ஓடும்போது மற்ற இரண்டும் நிற்கும். அதுவே ஓய்வு. நேரமும் வீணாகாது. ரௌனி இரவு வேலையிலிருந்து நேராக வருவாள் என்பதை நான் யோசிக்கவில்லை. அது என் தப்பு. அப்படி வருகிற நாட்களில் அவளை ஓடவிடாதே. வட்டு மட்டும் தரட்டும்.

இனி மார்ச். நீ எழுதப் போவதில்லை என்றாய். எழுதிவிட்டாய். நானும் எழுதுகிறேன். ஃபோனில் இதை என்னால் சொல்லவே முடியாது.

இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடம். நீ நம் கோலுக்குப் பின்னால் வட்டோடு, சுவரைப் பார்த்தபடி இருந்தாய். உனக்கு இடப்பக்கத்தில் யாரோ தளத்தைத் தட்டினார்கள். நீ திரும்பிப் பார்க்காமலே அங்கே தந்தாய். அங்கே நின்றது ஹர்யுலாவின் பதினேழாம் எண். தட்டியதும் அவள்தான். நான் இன்னும் தள்ளி, நீலக் கோட்டருகே இருந்தேன். அவள் வட்டை வாங்கி மார்கெத்தாவின் காலிடுக்கில் அடித்தாள்.

"ஏன்டி தட்டுன? ஆளு பக்கத்துல நிக்கிறது தெரியலையா?" என்று அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டாய். எனக்குப் பேச வரவில்லை. எனக்கு எப்போதும் நடப்பதுதான், உனக்குத் தெரியாததா? நான் பேசாமல் இருந்ததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டீர்கள்.

மறுநாள் தௌனோ கடைக்குப் பால் வாங்கப் போனேன். வரிசையில் நின்றவர் விரலால் மேசையைத் தட்டினார். தட், தட். தௌனோ சிரித்தான். அதற்குப் பிறகு தபால் நிலையத்தில், பஸ்ஸில், நூலகத்தில்கூட. யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. தட்டினார்கள், அவ்வளவுதான். படித்த பெண்ணுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது என்று அப்பா சொல்லிக்கொள்வார். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதில் அவருக்குப் பெருமை. தட்டல் ஆரம்பித்த பிறகுதான் அந்த வேலைக்கு விண்ணப்பித்தேன் என்று அவரிடம் சொல்லாதே.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ஆய்வகத்தில் வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இர்யா


கிவிலம்பி
3 ஜனவரி 1994

இர்யா,

மூன்று கூட்டம் நன்றாக வேலை செய்கிறது. எவளும் வாந்தி எடுக்கவில்லை. ஓய்வு கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் விசில் அடித்ததும் கட்டவிழ்த்த நாய்களைப் போலப் பாய்கிறார்கள். அதிலும் ரௌனி. தூங்கி எழுந்து வரும் நாட்களில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. வயிற்றில் படுத்து எழும் ஓட்டத்தில் என்னையே தாண்டிவிட்டாள். எனக்கு வயது இருபத்தொன்பதுதான். ஆனாலும் வலித்தது.

ஏரி நன்றாக உறைந்துவிட்டது. அப்பா டிராக்டரால் பனியை ஒதுக்கி எங்களுக்கு ஒரு தளம் செய்து கொடுத்தார். பகல் கொஞ்ச நேரம்தான் என்பதால் வேலை இல்லாதவர்கள் மதியத்திலேயே வந்துவிடுகிறார்கள். அங்கே அம்புக்குறி இல்லை. வலப்பக்கமாகவே சுற்றுகிறோம். இப்போது விழுவது மார்கெத்தா மட்டும்தான். அவள் எந்தப் பக்கம் சுற்றினாலும் விழுவாள்.

ஆனால் வட்டு தருவது இன்னும் சரியில்லை. ஏரிப் பனி கரடுமுரடு. வட்டு துள்ளுகிறது.

கிறிஸ்துமஸ் அன்று அம்மா உன் நாற்காலியை மேசையருகே போட்டாள். வராதவளுக்கு எதற்கு என்று நான் ஓரமாக எடுத்து வைத்தேன். அவள் மறுபடி போட்டாள். அப்பா பன்றித் தொடையை வெட்டிக்கொண்டே, "ரெண்டு பேரும் நாற்காலியை வெச்சு ஹாக்கி ஆடாதீங்க, சூடு ஆறுது" என்றார்.

பார்சலில் புதிய காலுறை இருக்கிறது. போதும் என்று நீ எழுதியதை அம்மா நம்பவில்லை.

நீ எழுதிய மற்றதைப் படித்தேன்.

ஹில்கா


யுவாஸ்கிலா
10 ஜனவரி 1994

அக்கா,

காலுறை வந்தது. கதகதப்பாக இருக்கிறது. நாற்காலியைப் போட்டதை எழுதியதற்கு நன்றி. எடுத்ததை எழுதியதற்கும்.

ஏரியில் வட்டு துள்ளுவது நல்லதுதான். விறைப்பாகப் பிடித்தால் மட்டையில் பட்டுத் தெறிக்கும். வட்டு வரும்போது மட்டையைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வாங்கட்டும், முட்டையைப் பிடிப்பது போல. மூன்று பேர் முக்கோணமாக நகர்ந்துகொண்டே தர வேண்டும். தந்தவள் அதே இடத்தில் நிற்கக் கூடாது, உடனே வேறு இடத்துக்கு ஓட வேண்டும். பழகியதும் நடுவில் ஒருத்தியை விட்டுப் பறிக்கச் சொல். ஏரியில் இப்படித் தரப் பழகியவர்களுக்குக் கூடத்தின் வழவழப்பான தளத்தில் வட்டு கையில் வந்து உட்காரும்.

நானும் காலையில் இங்கே ஒரு தளத்தில் சறுக்குகிறேன். வலப்பக்கமாகச் சுற்றுவதால் காவலாளி திட்டுகிறார். "கண்ணு தெரியலையா பொண்ணே? அம்புக்குறி அந்தப் பக்கம்!" நாளைக்குச் சரியாகச் சுற்றுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். அடுத்த நாளும் அப்படியே.

இர்யா


கிவிலம்பி
24 ஜனவரி 1994

இர்யா,

சனிக்கிழமை ஏரியில் இரண்டாகப் பிரிந்து ஆடினோம். மார்கெத்தா எதிர்ப்பக்கம். கோலில் நின்று குளிர்கிறது என்று அன்றைக்கு அவளும் ஓடி ஆடினாள். நான் கோலுக்குப் பின்னால் வட்டை எடுத்தேன். முகம் பனிக் குவியலைப் பார்த்து இருந்தது. இடப்பக்கம் தட், தட். தந்துவிட்டேன். அடுத்த நொடி வட்டு எங்கள் கோலுக்குள் கிடந்தது.

திரும்பிப் பார்த்தால் மார்கெத்தா மட்டையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறாள்.

"அடிப்பாவி, நீ அந்தப் பக்கம்தானே?"

"நான் தட்டுனேன், நீ குடுத்துட்ட! மகராசி!"

எல்லோரும் சிரித்தார்கள். ரௌனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். கடைசியில் மார்கெத்தாவும் நிறுத்திவிட்டு, "ஹில்கா, நான் சும்மாதான்டி பண்ணேன்" என்றாள்.

நான் கத்தவில்லை. பனிக் குவியலில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை. பிறகு எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொருத்தியாகத் தட்டச் சொன்னேன். ஒருத்தியையும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சொந்தத் தங்கையின் மட்டைச் சத்தம் எனக்குத் தெரியும் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் எண்ணாக இருக்கலாம்.

பதினேழாம் எண்தான்.

அங்கேயே எல்லோரிடமும் சொன்னேன். பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பது அன்றிலிருந்து சட்டம். தட்டுகிறவள் சவுனா நீராவிக் குளியலறைக்கு விறகு பிளக்க வேண்டும். மார்கெத்தா இதுவரை நிறையப் பிளந்துவிட்டாள்.

அணியில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. எடுக்க மறந்துவிட்டேன். இடப்பக்கம் ஆட ஆள் இல்லை. பிப்ரவரி பன்னிரண்டு, சனிக்கிழமை.

ஹில்கா


யுவாஸ்கிலா
29 ஜனவரி 1994

அக்கா,

உன் கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் எடுத்துப் படித்தேன். பட்டாணி சூப் ஆறிவிட்டது.

நீ எதையும் எடுக்க மறப்பவள் இல்லை.

வர வேண்டும் போல இருக்கிறது. ஆனால் கூடம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். நான் உள்ளே வந்ததும் யாராவது ஓரச் சுவரைத் தட்ட ஆரம்பித்தால் என் கால் நகராது. இன்னொன்றும் இருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்று எழுதியவள் நான்தான். எழுதுவது சுலபம். எனக்குக் கத்த வராது. கடையில் ரொட்டி கேட்டாலே இரண்டாவது தடவை கேட்கச் சொல்வார்கள். தட்டவும் மாட்டாத, கத்தவும் வராத ஒருத்தியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? தோற்றால் அணியே போய்விடும். இன்னொரு தடவை என்னால் தோற்றதாக இருக்க வேண்டாம்.

இர்யா


கிவிலம்பி
3 பிப்ரவரி 1994

இர்யா,

நீ கத்த வேண்டாம். தலையைத் தூக்கிப் பார்ப்பது என் வேலை. பார்ப்பேன்.

தௌனோ கடைக்குப் போனேன். வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன்.

"தௌனோ, மார்ச்ல தட்டுனது இர்யா இல்ல. ஹர்யுலாக்காரி தட்டுனா. ஏமாந்தது நான்."

"என்ன ஹில்கா, இத்தனை மாசம் கழிச்சா?"

"ஆமா. பால் குடு."

உன் பழைய மட்டைக்குப் புதிதாக நாடா சுற்றி வைத்திருக்கிறேன். காலைப் பஸ்ஸில் வா.

ஹில்கா


யுவாஸ்கிலா
15 பிப்ரவரி 1994

அக்கா,

நேற்று வேலைக்குத் திரும்பிவிட்டேன். சளி பிடித்திருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொண்டை இன்னும் கரகரக்கிறது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அந்தச் சத்தத்தில் உன்னிடம் பேச முடியவில்லை. மார்கெத்தா உன்னைத் தோளில் தூக்க முயன்று இரண்டு பேரும் விழுந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா தானே பேசிக்கொண்டிருந்து என்னைப் பேசவிடவில்லை. அதனால் இங்கிருந்தே என் புகாரை எழுதுகிறேன்.

மறுபடியும் இரண்டுக்கு இரண்டு. நீ மறுபடியும் நம் கோலுக்குப் பின்னால். பதினேழாம் எண் உனக்கு இடப்பக்கம் வந்து தட்டினாள். அதே சத்தம். நீ தரவில்லை. தலையைத் தூக்கினாய். நான் வெகு தூரத்தில், நீலக் கோட்டருகே தனியாக நின்றேன். அத்தனை பேர் நடுவில் உன் கண் என்னைத் தேடுவது தெரிந்தது. அப்போதுதான் கத்தினேன். "அக்காஆ!" என்று. பெயரைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம், தெரியும். ஆனால் அதுதான் வந்தது. இப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. எதிரணிக் கோல்கீப்பர்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

நீ என்னைப் பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய். பார்த்துவிட்டு ரௌனிக்குத் தந்தாய்!

அவள் வலப்பக்கம் வளைந்து, கால் மேல் கால் போட்டு, யாரும் தொட முடியாமல் போய் அடித்ததை நானும் பார்த்தேன். அழகான கோல். அணி பிழைத்துவிட்டது. சந்தோஷம். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன், நீ தரவில்லை என்பதை எழுத்தில் சொல்லி வைக்கிறேன்.

இர்யா


கிவிலம்பி
19 பிப்ரவரி 1994

அடியே இர்யா,

நீ கத்திய கத்தலில் ஹர்யுலாக்காரிகள் இரண்டு பேர் உன் பக்கம் ஓடினார்கள். நான் பார்க்கும்போது நீ தனியாக இல்லை. தனியாக இருந்தது ரௌனி. பார்த்துத் தரச் சொன்னது யார்? அடுத்த தடவை இவ்வளவு சத்தமாகக் கத்தாதே.

இல்லை, கத்து.

ரெய்யோ நமக்கு ஞாயிற்றுக்கிழமை நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டான். அடுத்த வருடமும் நமக்குத்தான். ஆண்களுக்கு இப்போதைக்கு பெஞ்சு மட்டும். பொதுமக்கள் நேரத்தில் வாரம் ஒரு நாள் வலப்பக்கம் சுற்றலாமா என்று கேட்டிருக்கிறேன். அம்புக்குறியை யார் அழிப்பது என்று யோசிக்கிறான்.

தௌனோ கடையில் இப்போது என்னைப் பார்த்துத் தட்டுகிறார்கள். தட், தட். நானும் திருப்பித் தட்டிவிட்டுப் பால் கேட்கிறேன். ஒரு மாதத்தில் அலுத்துவிடும் அவர்களுக்கு. அலுக்காவிட்டாலும் பரவாயில்லை. அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. முந்தின நாள் மாலைப் பஸ்ஸில் வா. உன் நாற்காலி மேசையருகே கிடக்கிறது. இந்தத் தடவை போட்டது நான்.

வந்ததும் கதவைத் தட்டாதே. வாசலில் நின்று கூப்பிடு.

அக்கா